ஆசிரியர் சம்பளத்தில் வீடு: சம்பளச் சீட்டிலிருந்து தொடங்குங்கள்

வேலைக்குச் சேர்ந்து மூன்று நான்கு வருடம் ஆன ஆசிரியர்கள் இடைவேளையில் என்னிடம் வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "சார், பேங்க்ல 35 லட்சம் வரைக்கும் தர்றேன்னு சொல்றாங்க, எடுத்துடலாமா?" நான் உடனே பதில் சொல்வதில்லை, போன மாதச் சம்பளச் சீட்டைக் காட்டச் சொல்வேன். வங்கி எவ்வளவு தருகிறது என்பதிலிருந்து கணக்கை ஆரம்பித்தவர்கள் பலர் பத்து வருடம் கழித்தும் கூட்டுறவு சங்கக் கடனைப் புதுப்பித்துப் புதுப்பித்து வாழ்வதைப் பார்த்திருக்கிறேன். மாதம் எவ்வளவு கட்டினால் வீட்டில் சண்டை வராது என்பதிலிருந்து ஆரம்பித்தவர்கள் சின்ன வீடாக இருந்தாலும் நிம்மதியாக இருக்கிறார்கள்.

நான் விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதம் எடுக்கும் பட்டதாரி ஆசிரியர். ஒரு முறை ஏமாந்து, அப்புறம்தான் கட்டினேன். கீழே இருப்பது தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர்களை மனத்தில் வைத்து எழுதியது. தனியார் பள்ளியில் இருப்பவர்களுக்குப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

முதலில் சம்பளச் சீட்டு

அரசு ஊழியர்களின் சம்பளச் செயலியான களஞ்சியத்தில் போய் சம்பளச் சீட்டை எடுத்து, ஒரு தாளில் கையால் எழுதிப் பாருங்கள். புதிதாகச் சேர்ந்த பட்டதாரி ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 36,400. அகவிலைப்படி 2025 ஜூலை நிலவரப்படி 58 சதவீதம், அதாவது 21,112. இரண்டும் சேர்ந்து 57,512. இதில் பத்து சதவீதம், 5,751 ரூபாய், சிபிஎஸ் எனும் பங்களிப்பு ஓய்வூதியப் பிடித்தம். வீட்டு வாடகைப்படியும் மருத்துவப்படியும் கொஞ்சம் கூட்டும், காப்பீட்டுப் பிடித்தம் கொஞ்சம் குறைக்கும், கடைசியில் ஊரைப் பொறுத்து கைக்கு 52 ஆயிரம், 53 ஆயிரம் என்று வரும். இடைநிலை ஆசிரியர் என்றால் அடிப்படையே 20,600தான், கைக்கு முப்பதாயிரத்தைச் சற்றுத் தாண்டும். 2009 ஜூன் 1-க்குப் பிறகு சேர்ந்த இடைநிலை ஆசிரியர்கள் சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு ஏன் வருடக்கணக்காகப் போராடுகிறார்கள் என்பது வீட்டுக் கடன் கணக்குப் போட உட்காரும்போதுதான் நமக்கே உறைக்கிறது.

இப்போது அந்தத் தாளிலேயே, சீட்டில் தெரியாத பிடித்தங்களையும் எழுதுங்கள். ஏலச்சீட்டு கட்டுகிறீர்களா, எல்ஐசி எவ்வளவு, ஊரில் அப்பா அம்மாவுக்கு மாதம் எவ்வளவு அனுப்புகிறீர்கள், மாத்திரை மருந்துச் செலவு, வண்டித் தவணை, வருடத்துக்கு இரண்டு முறை வரும் தொழில்வரி எல்லாம். ஆசிரியர் கூட்டுறவு சிக்கன நாணய சங்கத்தில் கடன் இருந்தால் அதை முதல் வரியில் எழுதுங்கள். நீங்கள் கடன் வாங்காமல், பக்கத்து மேசை நண்பருக்கு ஜாமீன் மட்டும் போட்டிருந்தாலும் எழுதுங்கள். அவர் கட்டாமல் விட்டால் பிடித்தம் உங்கள் சம்பளத்துக்கு வரும். வீடு வாங்கும் எண்ணம் இருக்கிற இரண்டு மூன்று வருடத்துக்கு யாருக்கும் புதிதாக ஜாமீன் கையெழுத்து போடாதீர்கள். மறுத்துச் சொல்வது கஷ்டம்தான், தெரியும். "வீட்டுக் கடனுக்கு மனு போட்டிருக்கேன், பேங்க்ல பாக்குறாங்க" என்று உண்மையைச் சொன்னாலே பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்கிறார்கள்.

சரி, மாதத் தவணை எவ்வளவு வரை போகலாம்? ஒருவர் சம்பளத்தில் ஓடும் குடும்பமென்றால் கைக்கு வருவதில் 40 சதவீதத்தைத் தாண்டாதீர்கள். முப்பதாயிரம் சம்பளக்காரர் என்றால் 35 சதவீதத்தில் நின்றுவிடுங்கள், ஏனென்றால் அரிசியும் பஸ் கட்டணமும் சம்பளத்தைப் பார்த்து விலை குறைவதில்லை. வங்கிகள் 55, 60 சதவீதம் வரை கணக்கில் எடுக்கும், அந்த 35 லட்சம் அங்கிருந்துதான் வருகிறது.

8 சதவீத வட்டியில் 20 வருடக் கடனுக்கு, ஒரு லட்சத்துக்கு மாதம் சுமார் 836 ரூபாய் தவணை. இந்த ஒரு எண்ணை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். 52 ஆயிரத்தில் 40 சதவீதம் 20,800, அதை 836-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 25 லட்சம். 31 ஆயிரத்தில் 35 சதவீதம் 10,850, அது 13 லட்சம். உங்கள் எல்லை இதுதான். கணவன் மனைவி இருவரும் வேலையில் இருந்தால் இருவர் சம்பளத்தையும் சேர்த்துக் கணக்குப் போடலாம், ஆனால் ஒருவர் மகப்பேறு முடிந்து சம்பளமில்லாத விடுப்பு எடுத்தாலும் ஓட வேண்டும் என்று வைத்தே போடுங்கள்.

வயதையும் பாருங்கள். தகுதித் தேர்வு எழுதிக் காத்திருந்து 38, 40 வயதில் வேலைக்கு வந்தவர்கள் நம்மில் நிறைய பேர். ஓய்வு 60-இல். 43 வயதில் கடன் எடுத்தால் 17 வருடம்தான் உங்களுக்கு இருக்கிறது, ஓய்வுக்குப் பிறகும் தவணை ஓடும்படி யாராவது அட்டவணை போட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

நமக்குப் பெரிய சம்பளம் இல்லை, ஆனால் நிச்சயமான சம்பளம். வருடத்துக்கு 3 சதவீத ஊதிய உயர்வும் அவ்வப்போது ஏறும் அகவிலைப்படியும் உண்டு. தவணையோ வட்டி மாறாதவரை அப்படியே நிற்கும். முதல் ஐந்து வருடம் இறுக்கமாகவும் அப்புறம் தளர்வாகவும் இருக்கும். இதை நம்பி இன்றே பெரிய கடன் எடுக்கலாமா என்றால் வேண்டாம். அந்த ஐந்து வருடத்தில் பிள்ளைகளும் வளர்ந்து ஆறாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு என்று போவார்கள்.

ஒரு வருடம் பழகிப் பாருங்கள்

தவணை 20 ஆயிரம் என்று முடிவு செய்துவிட்டீர்கள், இப்போது வாடகை 7 ஆயிரம் கொடுக்கிறீர்கள் என்றால், மீதி 13 ஆயிரத்தை இன்றே அஞ்சலகத்தில் ஆர்டி (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போட ஆரம்பியுங்கள். சம்பளம் வந்த அன்றே போய்விட வேண்டும். பன்னிரண்டு மாதம் தீபாவளி, பள்ளிக்கூடக் கட்டணம், ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல் எல்லாம் வந்து போகும். அத்தனைக்கும் நடுவில் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்ட முடிந்ததா? முடிந்தால் நீங்கள் தயார். மூன்று மாதம் தவறியது என்றால் கடன் தொகையைக் குறையுங்கள். நான் இப்படிப் பழகியபோது ஏப்ரலில் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கட்டிய கட்டணத்தில் தடுமாறிப் போய், 24 லட்சம் என்று போட்டிருந்த கணக்கை 21-ஆகக் குறைத்தேன்.

இதனால் இன்னொரு லாபம், கையில் பணமும் சேரும். அஞ்சலக ஐந்து வருட ஆர்டிக்கு 6.7 சதவீத வட்டியில், மாதம் 12 ஆயிரம் போட்டால் முடிவில் 8 லட்சத்து 56 ஆயிரம் வரும். இந்தக் கைக்காசு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கைக்காசு இல்லாமல் இறங்காதீர்கள்

"90 சதவீதம் லோன் கிடைக்கும்" என்று சொல்வார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம், உண்மைதான். ஆனால் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக்கு முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் எல்லாம் அந்த மதிப்பில் சேராது. அதுபோக, மதிப்பு என்பது வங்கி அனுப்பும் பொறியாளர் எழுதும் மதிப்பு, நீங்கள் பேசிய விலை இல்லை.

ஒரு கணக்கு பாருங்கள். 1,200 சதுர அடி மனை, ஏறக்குறைய இரண்டே முக்கால் சென்ட், 8 லட்சம் என்று வைப்போம். தமிழ்நாட்டில் கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 9 சதவீதம், 72 ஆயிரம். மனைவி பெயரில் பதிந்தால் 64 ஆயிரம், ஏனென்றால் 2025 ஏப்ரல் 1 முதல் பத்து லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் ஒரு சதவீதம் குறைவு. 850 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 2,400 என்றால் 20 லட்சத்து 40 ஆயிரம். போர், தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், சுற்றுச்சுவர், கேட், மின் இணைப்பு என்று கான்ட்ராக்டரின் சதுர அடி விலைக்குள் வராதவை எப்படியும் 3 லட்சம். மொத்தம் 32 லட்சம் ஆகிவிட்டது, இன்னும் வக்கீல் கட்டணம், வரைபட அனுமதி, கட்டும் காலத்தில் வாடகையும் வட்டியும் சேர்த்துக் கட்டுவது, கிரகப்பிரவேசம் எதுவும் எழுதவில்லை. கடன் 25 லட்சம் போக எட்டு லட்சமாவது உங்கள் கையில் இருந்தாக வேண்டும்.

இந்த எட்டு லட்சத்தைப் பர்சனல் லோனில் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், அரசு ஊழியர் என்பதால் அரை மணி நேரத்தில் கிடைக்கும் என்று சொன்னாலும், வேண்டாம். ஒரே சம்பளத்தில் இரண்டு தவணை ஓட ஆரம்பித்தால் முதலில் சாப்பாட்டில்தான் கை வைப்போம். நகைக்கடன் பரவாயில்லை, ஆறு மாதத்தில் எதை விற்று, எந்த ஆர்டி முதிர்ந்து மீட்கப் போகிறீர்கள் என்று தேதி தெரிந்தால் மட்டும். பழைய ஜிபிஎஃப்பில் (பொது வருங்கால வைப்பு நிதி) இருக்கும் மூத்தவர்கள் அதிலிருந்து முன்பணம் எடுக்கலாம். 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்த நமக்கு சிபிஎஸ்ஸில் சேர்ந்திருக்கும் பணத்தில் கை வைக்க வழியில்லை, அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

எந்த ஊரில்?

இதை நிறைய பேர் யோசிப்பதே இல்லை. இன்று வேலை பார்க்கும் பள்ளிக்குப் பக்கத்தில் மனை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடுவார்கள், அடுத்த இடமாறுதல் கலந்தாய்விலோ பதவி உயர்விலோ வேறு ஒன்றியம், வேறு மாவட்டம் போய்விடும். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, போன இடத்தில் இவர்கள் வாடகைக்கு இருப்பார்கள். கிராமத்து வீட்டுக்கு வரும் வாடகை தவணையில் கால்பங்குகூட இருக்காது.

என் யோசனை: பள்ளிக்குப் பக்கத்தில் வேண்டாம், பஸ்ஸுக்குப் பக்கத்தில் வாங்குங்கள். நாலு பக்கமும் பஸ் போகிற ஊர், பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு வரை அங்கேயே படிக்க முடிகிற ஊர், ஓய்வு பெற்ற பிறகு ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரம். மாற்றல் எந்தப் பக்கம் வந்தாலும் அங்கிருந்து காலையில் ஒரு பஸ் இருக்கும். தாலுகா தலைநகரங்கள் பலவும் இதற்குச் சரியாக வரும், மாவட்டத் தலைநகரை விட மனை விலையும் குறைவு.

மனையைப் பார்ப்பது

இங்கேதான் நான் ஏமாந்தேன். புறவழிச்சாலை ஓரம், கல் நட்டு, கலர் கொடி கட்டி, டென்ட் போட்டு பிரியாணி எல்லாம் கொடுத்தார்கள். "டிடிசிபி அப்ரூவல் ரெண்டு மாசத்துல வந்துடும் சார், இப்ப புக் பண்ணா அடிக்கு நூறு ரூபா குறைவு." டிடிசிபி என்பது மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் நகர் ஊரமைப்பு இயக்ககம். அதை நம்பி 50 ஆயிரம் முன்பணம் கொடுத்தேன். பதினாலு மாதம் அலைந்து, 35 ஆயிரம் திரும்பி வந்தது. அதன் பிறகு அனுமதி எண் கையில் இல்லாத மனைக்கு ஒரு ரூபாய்கூட நான் கொடுத்ததில்லை, நீங்களும் கொடுக்காதீர்கள். அனுமதியில்லாத மனைப்பிரிவில், முன்பே வீட்டு மனையாகப் பதிவாகாத மனையைப் புதிதாகப் பதிவு செய்யவே முடியாது. அனுமதியில்லாத மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டமும் 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட மனைப்பிரிவுகளுக்குத்தான்.

பார்க்க வேண்டிய வரிசை இப்படி.

மனைப்பிரிவின் டிடிசிபி எண்ணை வாங்குங்கள், சென்னைப் பெருநகர்ப் பகுதி என்றால் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) எண். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுக்கும், எட்டு வீட்டுக்கு மேற்பட்ட அடுக்குமாடிக்கும் ரெரா (மனை வணிக ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு கட்டாயம். அந்த எண்ணை ரெரா இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள், துண்டுப் பிரசுரத்தில் அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள். அனுமதி பெற்ற வரைபடத்தில் உங்கள் மனை எண் இருக்கிறதா, பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத்தான் உங்களுக்கு விற்கிறார்களா என்பது அதில் தெரியும்.

அடுத்து வில்லங்கச் சான்று. பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண் போட்டு வீட்டிலிருந்தே பார்க்கலாம், குறைந்தது 30 வருடத்துக்குப் பாருங்கள். அடமானம் போட்டு ரத்தாகாமல் இருக்கிறதா, பவர் (அதிகாரப் பத்திரம்) மூலம் விற்கப்பட்டிருக்கிறதா, பாகப்பிரிவினையில் யாராவது விட்டுப்போனார்களா என்று ஒவ்வொரு வரியாக. அப்புறம் பட்டா, புல வரைபடம், கிராமத்து நிலங்களின் வகையைச் சொல்லும் அ-பதிவேடு. அ-பதிவேட்டில் அந்த சர்வே எண் அரசுப் புறம்போக்கு, பஞ்சமி நிலம், கோயில் நிலம், நீர்நிலை என்று எதிலாவது வந்தால் அன்றே விட்டுவிடுங்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும். தாய்ப்பத்திரம் முதல் இன்றைய பத்திரம் வரை எல்லாவற்றின் நகலையும் நீங்களே வைத்த வக்கீலிடம் கொடுத்துக் கருத்து வாங்குங்கள். மனை விற்பவர் கூட்டிவரும் வக்கீல் வேண்டாம். சில ஆயிரம் செலவாகும், 20 வருடக் கடனுக்கு முன்னால் அது ஒன்றுமில்லை.

காகிதம் முடிந்ததும் நேரில் போய் டேப் வைத்து அளந்து பாருங்கள். நண்பர் ஒருவர் 30-க்கு 40 என்று பத்திரத்தில் இருந்த மனையை அளந்தபோது ஒரு பக்கம் 28 அடிதான் இருந்தது. பக்கத்து மனைக்காரர் சுவரை எழுப்பியபோது கல் நகர்ந்திருந்தது. பதிவுக்கு முன்பு தெரிந்ததால் சரிசெய்ய முடிந்தது.

எங்கள் பக்கத்தில் வாங்குபவர்களுக்கு இன்னொன்று: 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது, தென்பெண்ணை கரைபுரண்டு விழுப்புரம் சுற்றுவட்டாரம் மூழ்கியது. மனைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களிடம் "ஃபெஞ்சலப்போ இங்க தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சு?" என்று கேளுங்கள். சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். புரோக்கர் இல்லாத நேரத்தில், ஒரு கார்த்திகை மழை நாளில், தனியாகப் போய்க் கேளுங்கள்.

பணம் கைமாறுவதற்கு முன் நாம் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது, பல ஆசிரியர்கள் கோட்டை விடுவது இதில்தான். அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973-இன்படி அசையாச் சொத்து வாங்குவதை முறைப்படி மேலலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பத்தைக் கொடுத்து, அனுப்பிய கடிதத்தின் நகலை வைத்துக்கொண்டு அப்புறம் பதிவுக்குப் போங்கள். இதனாலேயே, "பத்திரத்துல கைடுலைன் வேல்யூ போட்டுக்கலாம், மீதிய கேஷா கொடுத்துடுங்க" என்று, அரசு வழிகாட்டி மதிப்பை மட்டும் பத்திரத்தில் காட்டும் பேச்சுக்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள். நாளைக்குக் கணக்குக் கேட்டால் அந்த ரொக்கத்துக்கு நம்மிடம் பதில் இருக்காது, பத்திரத்தில் விலை குறைந்தால் வங்கிக் கடனும் குறையும்.

கடன்: அரசு முன்பணமா, வங்கியா

இரண்டையும் விசாரியுங்கள். அரசு ஊழியருக்கான வீடு கட்டும் முன்பணத்தின் உச்சவரம்பு 2023-24 நிதிநிலை அறிக்கையில் 40 லட்சத்திலிருந்து 50 லட்சமாக உயர்த்தப்பட்டது. இதில் முதலில் அசலைப் பிடித்து முடித்து, அப்புறம் வட்டியைப் பிடிப்பார்கள், வட்டிக்கு வட்டி ஏறுவதில்லை. நீண்ட காலத்தில் இது வங்கியை விட இதமானது. ஆனால் நிதி ஒதுக்கீடு வரக் காத்திருக்க வேண்டும், மனை விற்பவர் காத்திருக்க மாட்டார். அதனால் மனையைக் கைக்காசில் வாங்கி, கட்டுவதற்கு முன்பணம் கேட்பது பலருக்கு ஒத்துவந்திருக்கிறது. உங்கள் பிரிவு எழுத்தரிடம் போய் உட்கார்ந்து, என்னென்ன இணைப்புகள், எத்தனை வருடப் பணி வேண்டும், இந்த வருட ஒதுக்கீட்டில் இடம் இருக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வங்கிக்குப் போனால் மூன்று இடத்திலாவது கேளுங்கள், சம்பளக் கணக்கு இருக்கும் வங்கி ஒன்று, வேறு இரண்டு. 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் தரும் மாறும் வட்டிக் கடன்கள் வெளி அளவுகோலோடு, பெரும்பாலும் ரெப்போ விகிதத்தோடு (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி), இணைந்தவை. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆனது. அப்போது பலருக்குத் தவணை மாறவில்லை, காலம் மட்டும் சத்தமில்லாமல் நீண்டது. வருடத்துக்கு ஒரு முறை கடன் கணக்கு அறிக்கையை எடுத்து, இன்னும் எத்தனை மாதம் பாக்கி என்று பாருங்கள். நீண்டிருந்தால் கிளைக்குப் போய்த் தவணையைக் கூட்டிக் காலத்தைப் பழையபடி வைக்கச் சொல்லுங்கள்.

கையெழுத்துப் போடும் நாளில் கடனோடு ஒரே தவணையில் பிரீமியம் கட்டும் காப்பீட்டையும் சேர்த்து எழுதுவார்கள், அந்தத் தொகையும் கடனில் ஏறி 20 வருடம் வட்டி போடும். அதை வாங்கித்தான் ஆக வேண்டும் என்று விதி கிடையாது. ஆனால் காப்பீடு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை, மிகவும் தேவை. கடன் தொகைக்குக் குறையாமல் தனியாக ஒரு டேர்ம் இன்ஷூரன்ஸ் எடுத்துவிடுங்கள். நமக்கு ஏதாவது ஆனால் வீடு குடும்பத்துக்கு நிற்க வேண்டும்.

"வீட்டுக் கடன் எடுத்தா டாக்ஸ் மிச்சம்" என்று சொல்வதும் நம்மில் பலருக்கு இன்று பொருந்தாது. குடியிருக்கும் வீட்டுக்கான வட்டிக் கழிவு 2 லட்சமும், அசலுக்கான 80சி கழிவும் பழைய வரி முறையில்தான். 2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில் சம்பளக்காரர்களுக்கு 12 லட்சத்து 75 ஆயிரம் வரை வரியே இல்லை. வருடம் ஏழெட்டு லட்சம் வாங்கும் ஆசிரியர் வரிக்காகக் கடனைப் பெரிதாக்க ஒரு காரணமும் இல்லை.

25 லட்சம் கடனில் முதல் மாதத் தவணை 20,911 கட்டினால் அதில் 16,667 வட்டிக்கே போகிறது, அசலில் கழிவது 4,244 மட்டும். அதனால் ஆரம்ப வருடங்களில் கூடுதலாகக் கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பலம் அதிகம். வருடத்துக்கு ஒரே ஒரு தவணை கூடுதலாகக் கட்டினால் 20 வருடக் கடன் 17 வருடத்துக்குள் முடிந்துவிடும். அந்த ஒரு தவணைக்கு நம்மிடம் வழி இருக்கிறது: ஈட்டிய விடுப்பைக் கொடுத்துப் பணமாக வாங்கும் விடுப்புச் சரண் 2025 அக்டோபரிலிருந்து மறுபடி கிடைக்கிறது, அகவிலைப்படி நிலுவை வரும்போது மொத்தமாக வரும். மாறும் வட்டியில் இருக்கும் வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது.

கட்டும்போது

வீட்டைச் சின்னதாகக் கட்டுங்கள். 850 சதுர அடியில் இரண்டு படுக்கையறை, ஒரு ஹால், சமையலறை தாராளமாக வரும். அஸ்திவாரமும் தூண்களும் மட்டும் மாடிக்குத் தாங்கும்படி போட்டு, மேலே கம்பியை விட்டுவைத்தால் பத்து வருடம் கழித்து மாடி எடுக்கலாம். முன்பக்க அலங்காரத்துக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் போகிற பணத்தில் ஒரு கழிவறை கூடுதலாகக் கட்டலாம், வயதான அப்பா அம்மா இருக்கும் வீட்டில் அதுதான் உதவும்.

2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமும் கட்ட, 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. அனுமதி இல்லாமல் கடப்பாரை போடாதீர்கள், வங்கியும் அதைத்தான் முதலில் கேட்கும்.

கான்ட்ராக்டரிடம் சதுர அடி விலையை மட்டும் பேசி முடிக்காதீர்கள். கம்பி என்ன பிராண்டு, சிமென்ட் எது, டைல்ஸ் அடிக்கு எத்தனை ரூபாய் வரை, கதவு எந்த மரம், வயரிங்கில் எத்தனை பாயின்ட், பெயின்ட் எத்தனை கோட் என்று எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். என் வீட்டில் "டைல்ஸ் உண்டு" என்று மட்டும் எழுதியிருந்தது. அடி 38 ரூபாய் டைல்ஸை அவர் சொல்ல, நாங்கள் 60 ரூபாய் டைல்ஸை நினைத்திருக்க, வித்தியாசம் என் கையிலிருந்து போனது. பணத்தை வேலைக்குப் பின்னால் கொடுங்கள். பேஸ்மட்டம் முடிந்ததும் ஒரு பங்கு, லிண்டல், கான்கிரீட், பூச்சு என்று. வங்கியும் அப்படித்தான் விடுவிக்கும், ஆனால் வங்கிப் பணம் வேலை நடந்து பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான் வரும், அந்த இடைவெளிக்குக் கையில் ஒன்றரை லட்சமாவது வைத்திருங்கள். கான்கிரீட் போடுகிற அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள். அடுத்த ஏழு நாளாவது தண்ணீர் கட்டி நிற்கிறதா என்று காலையும் மாலையும் போய்ப் பாருங்கள்.

தனியார் பள்ளியில் இருப்பவர்களுக்கு

உங்கள் பாதை கடினம், அதை மறைக்க விரும்பவில்லை. 18 ஆயிரம் சம்பளத்தில் ஒருவராக வீடு என்பது பெரும்பாலான ஊர்களில் நடக்காது, வேலை பார்க்கும் துணையோடு சேர்ந்துதான் நடக்கும். முதல் வேலை, சம்பளம் வங்கிக் கணக்கில் வருவது. கையில் ரொக்கமாக வாங்கினால் எந்த வங்கிக்கும் நீங்கள் வருமானம் இல்லாதவர். பிஎஃப் பிடிக்கும் பள்ளியா என்று பாருங்கள், வீட்டுத் தேவைக்கு அதிலிருந்து எடுக்க வழி உண்டு. வரி வராவிட்டாலும் வருமான வரிக் கணக்கை வருடா வருடம் தாக்கல் செய்யுங்கள்.

அப்புறம், 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டுத் திட்டம் 2.0-இன் வட்டி மானியத்தை விட்டுவிடாதீர்கள். குடும்ப வருமானம் வருடம் 9 லட்சத்துக்குள், வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள், நாட்டில் எங்கும் சொந்தமாகப் பக்கா வீடு இல்லை என்றால், முதல் 8 லட்சம் கடனுக்கு 4 சதவீத மானியம். ஐந்து தவணையாக அதிகபட்சம் 1 லட்சத்து 80 ஆயிரம் கணக்கில் வரும். ஊரகப் பகுதி இதில் வராது, மனை பேரூராட்சி, நகராட்சி எல்லைக்குள் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். இந்த வருமான வரம்புக்குள் வரும் அரசுப் பள்ளி ஆசிரியர்களும் கேட்டுப் பார்க்கலாம்.

அடுக்குமாடி வாங்குபவர்களுக்கு ஒரு வரி: 2023 டிசம்பர் முதல் 50 லட்சம் வரையிலான புது வீட்டின் முதல் விற்பனைக்குப் பதிவுச் செலவு மொத்தம் 6 சதவீதம்தான், கட்டி முடித்து நிறைவுச் சான்று வாங்கிய வீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. பிரிக்கப்படாத நிலத்தின் பாகம் எத்தனை சதுர அடி என்பதைப் பத்திரத்தில் எழுதி வாங்குங்கள்.

குடிபோன பிறகு

பால் காய்ச்சிய வாரமே மூன்று மனு கொடுத்துவிடுங்கள்: பட்டா பெயர் மாற்றம், வீட்டு வரி, மின் இணைப்பைத் தற்காலிகத்திலிருந்து வீட்டு உபயோகத்துக்கு மாற்றுவது. கடைசியைத் தள்ளிப்போட்டால் கூடுதல் கட்டணத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். கடன் முடிகிற நாளில் வங்கி 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், அவர்கள் தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கி விதி. பத்திரங்களை வாங்கிக்கொண்டு அப்படியே பீரோவில் வைத்துவிடாமல், சார்பதிவாளர் அலுவலகத்தில் கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் பதிந்து அடமானத்தை ரத்து செய்யுங்கள். ஒரு மாதம் கழித்து வில்லங்கச் சான்றை எடுத்து, அந்த வரி ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.